பிளை எல்லைகளை டிரிம் செய்யும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூட்டுப்பொருள் (காம்போசிட்) பாகத்தில் ஒரு பிளையின், அதாவது ஒரு துணி அடுக்கின், எல்லைக் கோடுகளை எல்லாம் சேர்த்துவிட்டேன். திரையில் இடைவெளி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ‘எல்லை மூடப்படவில்லை’ என்று பிழை வருகிறது. ஏன்?

பதில்: கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. கேட்டியா (CATIA) வடிவமைப்பு மென்பொருளில், கோடுகளைச் சேர்க்கும் ஜாயின் கட்டளையின் இணைப்புத் தூரம் இயல்பாக 0.001 மிமீ. பிளை உள்ளே முடியும் இடத்தைக் காட்டும் உட்கோடு, பாகத்தின் விளிம்புக் கோட்டுக்கு 0.02 மிமீ முன்னாலேயே நின்றுவிட்டால்கூட எல்லை திறந்தேதான் இருக்கும். பலர் அந்தத் தூரத்தை 0.1 மிமீ வரை ஏற்றிப் பிழையை விரட்டுவார்கள். பிழை போய்விடும், இடைவெளி போகாது. பிறகு ஆஃப்செட் எடுக்கும்போதோ (எல்லையை இணையாக நகர்த்தும்போதோ) ஃபிளாட் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான தட்டை வடிவம்) எடுக்கும்போதோ அதே மூலையில் தலைகாட்டும்.

முனையை விளிம்பில் தொட வைக்க முயல வேண்டாம். உட்கோட்டை விளிம்பைத் தாண்டி 5 முதல் 10 மிமீ வரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டையும் வெட்டுப்புள்ளியில் டிரிம் செய்து (மிச்சத்தை நீக்கி) சேருங்கள். பாகத்தின் விளிம்பு பின்னால் நகர்ந்தாலும் வெட்டுப்புள்ளி தானாக நகரும், எல்லை உடையாது.

அதற்கும் சரியாகவில்லை என்றால், கோடு லேஅப் பரப்பின் (துணிகளை அடுக்கும் அச்சுப் பரப்பின்) மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பரப்பிலிருந்தோ பழைய பதிப்பிலிருந்தோ நகலெடுத்த கோடு, மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும். உண்மையில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பரப்புக்குச் செங்குத்தாகப் புரொஜெக்ட் செய்து (பரப்பின் மேல் இறக்கி), அந்தக் கோட்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பாகம் க்யூர் ஆன (ரெசின் கெட்டியான) பிறகு வெட்டி எடுக்க விளிம்புக்கு வெளியே 15 மிமீ கூடுதலாக வேண்டும். பிளை எல்லையையே 15 மிமீ தள்ளி வரையலாமா?

பதில்: வேண்டாம். எடைக் கணக்கு, வலிமைக் கணக்கு, வரைபடம் மூன்றுமே நெட் எல்லையிலிருந்துதான் (இறுதிப் பாகத்தின் எல்லையிலிருந்துதான்) எடுக்கப்படுகின்றன. 600 × 400 மிமீ தட்டைச் சுற்றிலும் 15 மிமீ தள்ளினால் 630 × 430 ஆகிவிடும். பரப்பளவு ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். முழுத் தட்டையும் மூடும் ஒவ்வொரு பிளையும் அவ்வளவு கனத்துக் காட்டும்.

நெட் எல்லையைத் தொடாமல், உற்பத்தி விளிம்பைத் தனிக்கோடாக வைத்து, கூடுதல் பகுதியை உற்பத்திக் கட்டத்தில் சேருங்கள். லேஅப் பரப்பு அந்த 15 மிமீயைத் தாண்டியும் நீண்டிருக்க வேண்டும். பரப்பு தீரும் இடத்தில் நீட்டிப்பும் நின்றுவிடும். பாகத்தின் விளிம்பில் கிடக்கும் பக்கங்கள் மட்டுமே நீள வேண்டும். உள்ளே முடியும் பிளை விளிம்பும் சேர்ந்து நீண்டால் பிளைகள் படிப்படியாகக் குறையும் சரிவுப் படிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். நீட்டிய பிறகு உள்விளிம்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆறு பிளைகளைப் படிப்படியாகக் குறைக்கிறேன். வெளி எல்லையிலிருந்து ஆஃப்செட் எடுத்துக்கொண்டே போனால் மூன்றாவதில் உடைகிறது.

பதில்: உங்கள் மூலை ஆரத்தைப் பாருங்கள். பிளைத் தடிமன் 0.19 மிமீ, சரிவு 20:1 (ஒரு பங்கு தடிமனுக்கு 20 பங்கு நீளம்) என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படியும் 3.8 மிமீ. வெளி எல்லையின் மூலை ஆரம் 10 மிமீ என்றால், உள்நோக்கிய ஆஃப்செட்டில் அது 6.2, 2.4 என்று சுருங்கும். மூன்றாவது படி 11.4 மிமீ, ஆரம் அதற்குள் தீர்ந்துவிடும். அங்கே கோடு தன்னையே வெட்டும், அல்லது மென்பொருள் கைவிடும்.

முழு எல்லையையும் ஆஃப்செட் எடுக்காமல், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக நகர்த்துங்கள். நகர்ந்த பக்கங்களை ஒன்றையொன்று வெட்டும்படி டிரிம் செய்து, கடைசியில் மூலைக்குப் புதிய ஆரம் கொடுங்கள். இன்னொரு ஆதாயமும் உண்டு: சுமை ஓடும் திசையில் 20:1, குறுக்கே 10:1 என்று இரண்டு சரிவுகள் கேட்டால் ஒற்றை ஆஃப்செட் எப்படியும் உதவாது. ஒவ்வொரு நகர்வையும் அடிப்படைக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்; முந்தைய பிளையிலிருந்து அளந்தால் நடுவில் ஒரு பிளையை நீக்கிய அன்று சங்கிலியே அறுந்துவிடும்.

மூலையைக் கூர்மையாக விடவும் வேண்டாம். கூர்முனை லேஅப்பில் ஒட்டாமல் எழும்பும்.

கேள்வி: ஹனிகோம்ப் (தேன்கூடு வடிவ நடுப்பொருள், அதாவது கோர்) மேல் போகும் பிளை, வெட்டி வைத்துப் பார்த்தால் இருபுறமும் குட்டையாக இருக்கிறது.

பதில்: ஃபிளாட் பேட்டர்ன் அச்சுப் பரப்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். 12 மிமீ தடிமன் கோர், 30 டிகிரி சேம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு) என்றால் சரிவின் கிடை நீளம் 20.8 மிமீ, சரிவு வழியே நீளம் 24 மிமீ. பக்கத்துக்கு 3.2, இரண்டு பக்கமும் சேர்த்து 6.4 மிமீ துணி குறையும். அடுக்கு வரிசையில் கோர் இந்தப் பிளைக்கு முன்னால் இருக்கிறதா, எல்லையை கோரின் மேற்பரப்பில் புரொஜெக்ட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வரிசையில் கோர் பின்னால் போயிருந்தால் மென்பொருளுக்கு மேடு இருப்பதே தெரியாது.

கேள்வி: டிரிம் செய்த பிறகு ஃபிளாட் பேட்டர்னின் வடிவம் முழுவதுமே மாறிவிட்டது. விளிம்பு மட்டும்தானே மாறியிருக்க வேண்டும்?

பதில்: பிளையின் தொடக்கப்புள்ளியைப் பாருங்கள். துணியின் இழைகள் பரப்பில் எப்படிப் படியும் என்ற இழை விரிவு அங்கிருந்துதான் கணக்கிடப்படுகிறது. டிரிம்மில் அது எல்லைக்கு வெளியே போயிருக்கும், அல்லது நீங்களே வேறு இடத்துக்கு மாற்றியிருப்பீர்கள். வளைவு அதிகமான பரப்பில் புள்ளி 50 மிமீ நகர்ந்தாலே டார்ட் (சுருக்கம் வராமல் துணியில் போடும் வெட்டு) விழும் இடமும் மாறலாம். பழைய புள்ளி இன்னும் எல்லைக்குள் இருந்தால் அங்கேயே வையுங்கள். வெளியே போயிருந்தால் தொழிலாளி துணியை முதலில் அழுத்தி ஒட்டும் இடத்துக்கு மாற்றி, ஃபிளாட் பேட்டர்னை மறுபடி எடுங்கள்.