ஒளி ஏற்பிகளுக்குச் செயற்கை இரைச்சல்: கேள்வி பதில்

கேள்வி: ஒளி ஏற்பியை (இழைவழி வரும் ஒளிச் சிக்னலை மின் சிக்னலாக்கும் கருவி) இரைச்சல் கலந்து சோதிப்பதற்கான ஒளி இரைச்சலை எதிலிருந்து பெறுவது?

பதில்: எர்பியம் இழைப் பெருக்கி (எர்பியம் கலந்த கண்ணாடி இழையால் ஒளியைப் பெருக்கும் கருவி) ஒன்றில் உள்ளீடு ஏதும் தராமல், அதற்கு ஆற்றலூட்டும் பம்ப் லேசரை மட்டும் இயக்கினால், தன்னிச்சை உமிழ்வு (தூண்டுதலின்றித் தானாக வெளிப்படும் ஒளி) அதற்குள்ளேயே பெருகி, 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை பரந்த இரைச்சலாக வெளிவரும். அதை ஓர் அட்டென்யுவேட்டர் (ஒளியின் திறனைக் குறைப்பது) வழியாகக் கப்ளருக்கு (இரு ஒளிகளை இணைப்பது) கொண்டுவந்து சிக்னலோடு கலக்க வேண்டும். ஏற்பிக்கு முன் வடிகட்டியும் இன்னோர் அட்டென்யுவேட்டரும் வைத்து, அங்கு விழும் மொத்தத் திறனை மாறாமல் நிறுத்துங்கள். இல்லையேல் பிழை (‘0’, ‘1’ தவறாகப் படிக்கப்படுவது) கூடியது இரைச்சலாலா, திறன் மாறியதாலா என்று பிரித்தறிய முடியாது.

கேள்வி: ஏற்பியில் ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடையோடுக்குப் பின்னால் மின் இரைச்சலைச் சேர்த்தால் செலவு குறையுமே?

பதில்: செலவு குறையும், சோதனை வேறாகிவிடும். போட்டோடையோடு ஒளிப்புலத்தின் இருபடிக்கு ஏற்ப மின்னோட்டம் தருவதால், சிக்னலும் இரைச்சலும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு விம்மல் இரைச்சல் பிறக்கிறது. அது ‘1’ வரும்போது மிகுந்தும் ‘0’ வரும்போது குறைந்தும் இருக்கும். அலைக்காட்டியில் கண் வரைபடத்தின் (பல பிட்டுகளின் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் படம்) மேல்கோடு தடித்தும் கீழ்க்கோடு மெலிந்தும் தெரிவது இதனால்தான். மின் இரைச்சலோ இரண்டையும் ஒரே அளவில் தடிக்கச் செய்யும். ‘1’ஆ ‘0’ஆ என்று முடிவெடுக்கும் மட்டத்தை எங்கே வைப்பது என்பதே இதனால் மாறிவிடுகிறது.

அவரே மீண்டும்: பிழை விகிதம் ஒத்துவரும்படி மின் இரைச்சலைச் சரிசெய்துகொள்ளலாமே?

பதில்: ஒரு புள்ளியில் ஒத்துவரும். சிக்னலை மட்டும் 3 டெசிபெல் உயர்த்துங்கள்; விம்மல் இரைச்சலின் திறன் இருமடங்காகும், நீங்கள் சேர்த்த மின் இரைச்சல் அப்படியே இருக்கும். கோஹெரன்ட் ஏற்பியில் (வரும் ஒளியைத் தன் சொந்த லேசர் ஒளியோடு கலந்து கண்டறிவது) உங்கள் வாதத்துக்கு இடமுண்டு. அங்கு ஒளிப்புலம் நேர்விகிதத்தில் மின்னாகிறது. ஆயினும் இரு முனைவாக்கங்களுக்கும் (ஒளிப்புலம் அதிரும் திசைகள்), ஒவ்வொன்றிலும் இரு கூறுகள் என்பதால், சேர்த்து நான்கு தனித்தனி இரைச்சல் மூலங்கள் தேவைப்படும்.

கேள்வி: ஒளி நிறமாலை அனலைசரை 1 நானோமீட்டர் பிரிதிறனில் வைத்து அளந்தால் ஓஎஸ்என்ஆர் (ஒளிச் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள திறன் விகிதம்) 12 டெசிபெல்தான் வருகிறது.

பதில்: ஓஎஸ்என்ஆரை வழக்கமாக 0.1 நானோமீட்டர் அகலத்துக்கே சொல்வார்கள்; இரைச்சலை அதற்கு மாற்றிக் கணக்கிடுங்கள். அகலம் பத்தில் ஒன்றாவதால் இரைச்சல் 10 டெசிபெல் குறையும். ஏறத்தாழ 22 வரும்.

கேள்வி: இரைச்சலைக் கூட்டும்போது பிழை விகிதம் சீராக மாறவில்லையே?

பதில்: ஏற்பியில் விழும் மொத்தத் திறனை நிலையாக நிறுத்துங்கள். முதல் பதிலிலேயே இது இருக்கிறது.

கேள்வி: வீட்டு எல்இடி விளக்கால் வரும் இரைச்சல்?

பதில்: அது கட்புல ஒளித் தொடர்பு, அத்துறையினரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரைச்சல் மூலத்தின் நிறமாலையில் ஊசிபோல் ஒரு முனை எழுகிறது. ஏன்?

பதில்: எதிரொளிப்பால் உங்கள் பெருக்கி லேசராக மாறுகிறது. பெருக்கியின் உள்ளீடு, வெளியீடு இரண்டிலும் ஐசொலேட்டர் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுவது) இருக்கட்டும். கனெக்டர்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். கழற்றும் முன் பம்ப்பை நிறுத்துங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே இழையின் முனைக்குள் எக்காரணம் கொண்டும் பார்க்காதீர்கள்.