மேக்கில் பாஸ், லினக்ஸில் ஃபெயில்

கேள்வி: கோ நிரல்மொழியில் டைம்.நவ் தரும் தற்போதைய நேரத்தை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேமித்து, திரும்பப் படித்து ‘ஈக்வல்’ மூலம் ஒப்பிடுகிறேன். மேக்கில் டெஸ்ட் பாஸ். லினக்ஸ் சர்வரில் ஃபெயில். ஏன்?

பதில்: கோ மொழி நேரத்தைப் புள்ளிக்குப் பின் 9 இலக்கம், அதாவது நானோ செகண்ட் வரை வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் நேரத்தை வைக்கும் டைம்ஸ்டாம்ப் வகையோ மைக்ரோ செகண்டோடு, 6 இலக்கத்தில் நின்றுவிடும். மிச்சம் 3 இலக்கம் சேமிக்கும்போதே போய்விடுகிறது. மேக்கின் கடிகாரம் தருவதே மைக்ரோ செகண்ட்தான் என்பதால் அங்கே இழக்க ஒன்றுமில்லை.

போகும் விதமும் ஒரே மாதிரி இல்லை. நேரம் எழுத்து வடிவில் போனால் போஸ்ட்கிரெஸ் அதை அருகிலுள்ள மைக்ரோ செகண்டுக்கு முழுமையாக்கும்; .1234567 என்பது .123457 ஆகிவிடும். கோவை போஸ்ட்கிரெஸ்ஸோடு இணைக்கும், நேரத்தைப் பைனரியாக அனுப்பும் பிஜிஎக்ஸ் டிரைவரோ மிச்சத்தை வெட்டிவிடும்; .123456தான் மிஞ்சும். ஆகவே டிரைவரை மாற்றினாலும் விடை மாறலாம்.

நேரம் பிறக்கும் இடத்திலேயே நீங்களே வெட்டிவிடுங்கள்: டைம்.நவ்().யூடிசி().ட்ரங்கேட்(டைம்.மைக்ரோசெகண்ட்). டெஸ்டில் ‘ஒரு செகண்ட் வித்தியாசம் பரவாயில்லை’ என்று எழுதித் தப்பிக்கலாம்தான். ஆனால் நிஜமான பிழையும் அதே ஓட்டையில் நழுவிவிடும்.

தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் இன்னும் கவனம் தேவை. வெறும் டேட்டைம் என்று அறிவித்த நெடுவரிசையில் செகண்டின் பின்னமே கிடையாது, முழுமையாக்கலும் உண்டு. இரவு 23:59:59.6 மறுநாள் 00:00:00 ஆகி, அன்றைய கணக்கிலிருந்தே விலகிவிடும். டேட்டைம்(6) என்று அறிவியுங்கள்.