பென்சிலில் வரைந்த நகரக் காட்சியை எப்படி ரசிப்பது?

நண்பர் தான் வரைந்த தெரு ஓவியத்தைக் காட்டும்போது ‘சூப்பர்’ என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் ‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்று சொல்லிச் சமாளித்தவன்தான். ஒருநாள் நானே ஒரு தெருவை வரைய உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஜன்னல் ஜன்னலாகப் போட்டுத் தள்ளினேன். கடைசியில் தாளில் ஜன்னல்கள் இருந்தன, தெருவைக் காணோம். அதோடு அந்தப் பாராட்டை விட்டுவிட்டேன்.

இப்போது முதலில் தேடுவது கண்மட்டத்தை. தெரு நேராக ஓடினால் கூரை விளிம்புகள் கீழே சரிந்தும் நடைபாதை விளிம்புகள் மேலே ஏறியும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளியின் உயரம்தான் வரைந்தவரின் கண் இருந்த உயரம். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாரா, மாடியில் நின்றாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். சமமான தரையில் நின்று வரைந்திருந்தால், பக்கத்தில் நிற்பவர் தலையும் கோடியில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். தூரம் போகப் போகக் கால்கள்தான் மேலே ஏறும். இது பிசகினால் ஆட்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். நம் கண்ணுக்கு என்னவோ உறுத்தும், காரணம் பிடிபடாது.

அப்புறம், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கோடுகள் மங்கி, கருமையும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்ற முறை அது. களிமண் கூடினால் முனை கடினமாகும், கோடு வெளிறும். அதனால்தான் தூரத்துக் கட்டடங்களுக்குக் கடினமான 2எச் பென்சில், முன்னால் இருக்கும் நிழலுக்கு மென்மையான, கருமையான 6பி பென்சில் என்று பலர் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் கிராஃபைட்டை எவ்வளவு அழுத்தினாலும் கரித்துண்டின் கருமை வராது, பளபளப்புதான் கூடும். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தித் தேய்த்த இடம் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வரையாமல் விட்ட இடம். பென்சில் ஓவியத்தில் வெயில் என்பது பெரும்பாலும் வெறும் தாள்தான். சுவரில் நாலு செங்கல் மட்டும் போட்டிருப்பார். மிச்சச் சுவரை நாமே கட்டிக்கொள்வோம்.

சரி, நண்பரிடம் என்ன சொல்வது? அப்படி வெறுமையாக விட்ட ஓர் இடத்தை விரல் படாமல் காட்டி (கிராஃபைட் ஈஷிக்கொள்ளும்), ‘இதை ஏன் இப்படியே விட்டுட்டீங்க?’ என்று கேளுங்கள். பேச்சை அவர் பார்த்துக்கொள்வார்.