நாளை வந்தால்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒரு வேலையின் நேர்முகத் தேர்வுக்காக ஆங்கிலம் படித்து வருகிறேன். 'இஃப் ஹி கேம் டுமாரோ' என்று நாளையைப் பற்றிப் பேசும்போது 'கேம்' என்ற இறந்தகாலம் ஏன் வருகிறது? 'இஃப் ஐ வாஸ்', 'இஃப் ஐ வேர்' இரண்டில் எது சரி? தமிழ்வழியில் படித்தவள் என்பதால் இவையெல்லாம் எனக்கு எட்டாதோ என்று அச்சமாக இருக்கிறது.

— ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

'வேர்' என்றே சொல்லிப் பழகிக்கொள்; பேச்சில் 'வாஸ்' என்பவர்களும் ஏராளம், அதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆனால் அந்தக் கடைசி வரியை நீ எழுதியிருக்கக் கூடாது. தமிழ்வழியில் படித்ததைக் குறை சொல்வதற்கு முன் உன் தமிழை ஒருமுறையாவது உற்றுக் கேட்டிருக்கிறாயா?

'அவன் நாளை வந்தால்' என்று தினமும் சொல்கிறாய். வந்தான், வந்தாள், வந்தது ஆகியவற்றில் உள்ள அதே 'வந்த்' தான் 'வந்தால்' என்பதிலும் இருக்கிறது. 'வருகிறால்' என்றோ 'வருவால்' என்றோ எந்தத் தமிழரும் சொல்வதில்லை. போனான், போனால், சொன்னான், சொன்னால், சாப்பிட்டான், சாப்பிட்டால்: எந்த வினையை எடுத்தாலும் இறந்தகால வடிவத்தின் மேல்தான் 'ஆல்' ஏறி உட்கார்கிறது. உங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் 'நாளைக்கு விலை ஏறினால்' என்று ஒருவர் சொல்லும்போது, நாளையோடு இறந்தகாலம் ஏன் வந்தது என்று திகைத்து நின்றதுண்டா? ஆங்கிலக்காரரின் 'கேம்' மட்டும் உன்னை ஏன் மிரட்ட வேண்டும்?

சொல்பவரின் மனம் நடப்பிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையே அந்தக் 'கேம்' காட்டுகிறது. வரக்கூடும் என்று எண்ணினால் 'இஃப் ஹி கம்ஸ்', பின்னால் 'வில்'. வருவான் என்ற நம்பிக்கையில்லாமல் வெறும் நினைப்பாகச் சொன்னால் 'இஃப் ஹி கேம்', பின்னால் 'வுட்'. நாம் இரண்டுக்கும் 'வந்தால்' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு மீதியைக் குரலில் காட்டிவிடுகிறோம். உனக்கு உண்மையில் கடினமானது இந்தப் பிரிவு ஒன்றுதான்.

மூன்றாவது வகையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட அறியாத என் தந்தை. காவேரிப்பட்டணத்துக்கு அருகே எங்களுக்கு இருந்த பெங்களூரா மாந்தோப்பில், ஒரு தை மாதம் பூவெடுத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, பூங்கொத்துகள் கறுத்து உதிர்ந்துவிட்டன. தோப்பைக் குத்தகைக்குப் பேசியிருந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்றார். அதன்பிறகு பல ஆண்டுகள், சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா, "அன்னைக்கு மழை பெய்யாம இருந்திருந்தா பெரியவளைக் காலேஜுக்கு அனுப்பியிருப்பேன்" என்பார். இனி மாற்ற வழியில்லாத ஒன்றைச் சொல்ல, 'இருந்தால்' என்பதையும் இன்னும் ஒரு படி பின்னுக்குத் தள்ளி 'இருந்திருந்தால்' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் படியை 'ஹேட்' தாங்குகிறது, 'அனுப்பியிருப்பேன்' என்பது 'வுட் ஹேவ் சென்ட்' ஆகிறது. கல்லூரியில் அப்படியொரு வாக்கியம் கரும்பலகையில் எழுதப்பட்ட நாளில் மற்றவர்கள் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நான் என் அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.