கணினி கேள்வி-பதில்: இரண்டு சவுண்ட் கார்டு, இரண்டு கடிகாரம்

கேள்வி: லினக்ஸில் யூஎஸ்பி மைக்கில் பேசி, லேப்டாப் ஹெட்ஃபோனில் கேட்டபடி பதிவு செய்கிறேன். இரண்டு கார்டையும் அல்சாவின் (லினக்ஸின் சவுண்ட் கார்டு அடுக்கு) 'மல்டி' வழியாக ஒன்றாக்கி, ஜாக் என்ற ஒலி மென்பொருளில் கொடுத்திருக்கிறேன். ஒன்றேமுக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் விட்டுப்போகிறது. பஃபரை (ஒலி சற்றுக் காத்திருக்கும் இடம்) 256 சாம்பிளிலிருந்து 512 ஆக்கினால் இடைவெளி இரட்டிப்பாகிறதே தவிர, நிற்கவில்லை.

பதில்: அந்த இரட்டிப்புதான் துப்பு. ப்ராசஸர் திணறினால் சத்தம் கண்ட நேரத்தில் விடும். இப்படி மணி பார்த்து விடாது.

மைக்குக்குள் கடிகாரமாக ஓடும் ஒரு கிரிஸ்டல், லேப்டாப் கார்டுக்கு வேறொரு கிரிஸ்டல். இரண்டும் 48,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்றே சொல்லிக்கொள்ளும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒன்று நொடிக்கு 2.4 சாம்பிள் முந்திவிடும். 256 சாம்பிள் பஃபர் சுமார் 107 நொடியில் தீர்ந்துவிடும். 'மல்டி' இரண்டையும் ஒரே கார்டு போலக் காட்டும், அவ்வளவுதான், கடிகாரத்தைத் தொடாது. 'மல்டி'யை விட்டுவிடுங்கள்.

ஜாக்கை மைக்கில் மட்டும், பதிவு மட்டும் என்ற நிலையில் ஓட்டுங்கள். ஹெட்ஃபோன் இருக்கும் லேப்டாப் கார்டை, ஜாக்கின் ஒலியை வேறொரு கார்டுக்கு அனுப்பும் ஸீட்டா-ஜே2ஏ என்ற நிரல் மூலம் இணையுங்கள். வேக வித்தியாசத்தை அது ஓயாமல் அளந்து சாம்பிள்களை மாற்றிக் கொடுக்கும். தலைகீழாகவும் செய்யலாம். ஆனால் பதிவாகும் குரல் மாறாமல் இருக்கட்டும், மாற்றம் காதுக்குப் போகும் பக்கத்தோடு நிற்கட்டும் என்பதால் இதுதான் சரி. கார்டைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தால், டெஸ்க்டாப்பின் ஒலிச் சேவை அதைப் பிடித்துவைத்திருக்கிறது. பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு நிரலில் அந்தக் கார்டின் ப்ரொஃபைலை 'ஆஃப்' ஆக்குங்கள்.

உபுண்டு 22.10 முதல் இயல்பாகவே வரும் பைப்வயர் என்ற ஒலிச் சேவை இருந்தால் இத்தனை பாடு தேவையில்லை. தனித்தனிக் கார்டுகளுக்கிடையே இந்த மாற்றத்தை அதுவே செய்யும். அதன் பிறகும் ஒழுங்கில்லாமல் விடுகிறதா? பைப்வயரின் நிலையைக் காட்டும் பிடபிள்யூ-டாப் கட்டளையை ஓட்டி, பிழைகளை எண்ணும் 'எர்ர்' பத்தியைப் பாருங்கள். எந்தக் கார்டின் வரிசையில் எண் ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. மைக் என்றால், ஹப்பிலிருந்து கழற்றி லேப்டாப்பிலேயே செருகிப் பாருங்கள்.

கேள்வி: ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கார்டு எண்கள் 0, 1 என்று இடம் மாறிவிடுகின்றன. நிலையாக வைக்க முடியுமா?

பதில்: எண்ணை நம்பாதீர்கள். ஏப்ளே கட்டளையோடு (மைக்குக்கு ஏரெக்கார்ட்) '-எல்' என்று சிறிய 'எல்' சேர்த்தால், எண்ணுக்கு அடுத்து ஒரு குறும்பெயர் வரும். இன்டெல் கார்டில் பெரும்பாலும் 'பிசிஎச்'. ஜாக்கிலும் ஸீட்டாவிலும் 'எச்டபிள்யூ' போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பெயரைக் கொடுங்கள். ஒரே மாடல் மைக் இரண்டு இருந்தால் மட்டும் இது போதாது. பெயரின் பின்னொட்டும் செருகிய வரிசைப்படி மாறும்.