எண்ணெயில் கழுவினாலும் அழியாத குறியீடு

கேள்வி: பம்ப் உறைகளை வார்ப்பிரும்பில் வார்த்து, கடைந்து கொடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடு (ஸ்கேனர் படிக்கும், சிறு கட்டங்களாலான சதுரக் குறி) வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர். ஸ்டிக்கர் எண்ணெயில் உரிந்துவிடுகிறது. லேசரா, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தும் டாட் பீனா?
– வாசகர், கோவை

பதில்: குறியிட்ட பிறகு அந்தப் பொருளுக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சிறு இரும்புக் குண்டுகளை வீசிச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கோ பெயின்ட்டோ உண்டென்றால், நிறத்தை மட்டும் மாற்றும் மேலோட்டமான லேசர் குறி நிற்காது. ஆழமாகச் செதுக்க நேரம் பிடிக்கும். உங்களுக்கு டாட் பீன்தான் தோது. கார்பைடு ஊசி குத்தும் குழி மெல்லிய பெயின்ட்டுக்கு அடியிலும் தெரியும்.

ஆனால் வார்த்த சொரசொரப்பின் மேல் நேராகக் குத்தாதீர்கள். மணல் குழியையும் ஸ்கேனர் புள்ளியாக எண்ணிக்கொள்ளும். 12 மில்லிமீட்டர் சதுரத்துக்கு மில்லிங்கில் சமமாக்குங்கள். 16-க்கு 16 கட்டத்தில் 24 இலக்கம் அடங்கும். கட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 8 மில்லிமீட்டர். நாலு பக்கமும் குறைந்தது ஒரு கட்டம் வெறுமையாக இருக்கட்டும்.

பெரும்பாலும் தகராறு ஊசியில்தான். முனை மழுங்கினால் புள்ளி ஆழமிழக்கும். பொருளை இறுக்கிப் பிடிக்காவிட்டால் வரிசை கோணும், குறியை அடையாளம் காண உதவும் ஓர 'ட' வடிவக் கோடு சிதைந்து ஸ்கேனர் திணறும். வெளிச்சம் நேரே விழாமல் பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும். அப்போதுதான் குழியில் நிழல் விழும்.

வெப்பப் பதத்தில் கடினமாகும் எஃகு என்றால் அதற்கு முன்பே குத்திவிடுங்கள். மெல்லிய தகடு, பேரிங் போன்றவற்றுக்கு மட்டும் லேசர்.