கன்ஃபர்மேஷன்ஸ் ஆஃப் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்டோரேஜ் டீமில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. டேட்டாவைச் சேமித்துவைக்கும் நெட்ஆப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறோம். டேட்டாவுக்கு இடம் பிரித்து வால்யூம் உருவாக்குவது, லன் என்ற வட்டுப் பகுதியைச் சர்வருக்கு மேப் செய்வது எல்லாம் பிரவுசரிலேயே முடிகிறது. சீனியர்கள் மட்டும் கமாண்ட் லைனை விடுவதில்லை. ஒருவர் கொடுத்த டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து காப்பி செய்து ஒட்டி நானும் ஒப்பேற்றுகிறேன். அதன் முதல் வரி ‘செட் கன்ஃபர்மேஷன்ஸ் ஆஃப்’. பெட்டி உறுதி கேட்பது நின்றுவிடும்; ஒவ்வொன்றுக்கும் ‘ஒய்’ அடிக்க வேண்டியதில்லை, வசதியாக இருக்கிறது. கமாண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? இந்த வேலைகளைத் தானாகச் செய்யும் அன்சிபிள் வந்தபின் இதெல்லாம் தேவைப்படுமா? எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

மனப்பாடம் வேண்டாம். கேள்விக்குறியைத் தட்டினால் அடுத்து என்ன எழுதலாம் என்று நெட்ஆப் பெட்டியின் இயங்குதளமான ஆன்டாப்பே காட்டும். அன்சிபிள் தாராளமாக வரட்டும்; தப்பான பெயரைக் கொடுத்தால் அதுவும் தப்பான வால்யூமைத்தான் அழிக்கும். சான்றிதழ் எதுவானாலும் சரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த முதல் வரிதான். அதை வசதி என்று எப்படி எழுத மனம் வந்தது உங்களுக்கு? ஆன்டாப்பில் பெயருக்குப் பதில் ‘டெஸ்ட்’ என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அப்படித் தொடங்கும் எல்லா வால்யூமும் சிக்கும். எவனோ அவசரத்தில் ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்து, பின்னால் அதிலேயே நிஜ டேட்டாபேஸை ஓடவிட்டிருப்பான். எல்லா இடத்திலும் நடப்பதுதான். பெட்டிக்கு அது தெரியாது. ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு கேள்வி கேட்பது மட்டும்தான் அதனால் முடியும். அந்த வாயையும் அடைத்துவிட்டீர்கள்.

2017 பிப்ரவரி 28 அன்று வட வர்ஜீனியாவில் அமேசானின் எஸ்3 என்ற கிளவுட் சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. பில்லிங் சிக்கல் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர், சில சர்வர்களை மட்டும் விலக்க ஒரு கமாண்ட் கொடுத்தார். அதில் ஒரு உள்ளீடு தவறிப்போய், நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் விலகிவிட்டன. அனுமதி உள்ளவர், எழுதிவைத்த வழிமுறைப்படி நடந்தவர். அதன்பிறகு அமேசான் அந்தக் கருவியை மெதுவாக்கியது. குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக முடியாதபடி தடுப்பும் வைத்தது. அவர்கள் பிரேக்கைச் சேர்க்கிறார்கள், நீங்கள் கழற்றுகிறீர்கள்.

என் முதல் டீம் லீட் ‘டெலீட்’ என்று நேரடியாக டைப் செய்து நான் பார்த்ததே இல்லை. முதலில் பட்டியலை மட்டும் காட்டும் ‘வால்யூம் ஷோ’, அதே பெயர், அதே ஃபில்டர். வந்த பட்டியலை வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். அப்புறம் மேல் அம்புக்குறியைத் தட்டி, அந்தக் கமாண்டையே திரும்ப வரவழைத்து, ‘ஷோ’வை மட்டும் மாற்றுவார். சர்வர் போர்ட்டின் அடையாள எண்ணான டபிள்யூ.டபிள்யூ.பி.என். என்றால் 16 இலக்கத்தையும் படித்தாக வேண்டும். “கடைசி நாலு போதாதா?” என்று கேட்டேன். ஒரே கார்டின் இரண்டு போர்ட்டுகளைக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு இலக்கம்தான் வேறு. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் இவ்வளவு பொறுமையாக இருந்தவர் வேறு யாருமில்லை. அவர் இடத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஒரு டெக்ஸ்ட் ஃபைல் என்பதுதான் எனக்கு வருத்தம். உங்கள் சீனியர்மேல் கோபமும் உண்டு.

கமாண்ட் லைனை விட்டுவிடாதீர்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று இரண்டையும் அப்படியே ஃபைலில் சேமித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். கமாண்ட் லைனைத் திறக்கும் புட்டி (PuTTY) மென்பொருளில் செஷன் லாகிங்கைப் போட்டுவிடுங்கள்.

நிஜப் பெட்டி போலவே நடந்துகொள்ளும் நெட்ஆப்பின் சிமுலேட்டர் கிடைத்தால் அதில் ஒரு வால்யூம் உருவாக்குங்கள். ஆஃப்லைன் செய்து, அழித்து, மீட்டுப் பாருங்கள். அழித்த வால்யூம் வழக்கமாக 12 மணி நேரம் ரெகவரி க்யூ என்ற மீட்பு வரிசையில் கிடக்கும். ப்ரிவிலேஜ் என்ற அனுமதி நிலையை உயர்த்தினால்தான் அது கண்ணுக்கே தெரியும். மீண்டு வரும்போது பெயருக்குப் பின்னால் ஒரு எண் ஒட்டியிருக்கும். ஆன்லைன் கொண்டுவந்து, பெயரை மாற்றி, மவுன்ட் செய்வதுவரை நீங்களேதான் செய்ய வேண்டும். இதை நிஜ டேட்டாவில் முதல்முறையாகச் செய்யும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. முடித்துவிட்டு எழுதுங்கள்.